பொறி பறந்தால் போதாது

பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றிய விவாதத்தில் எல்லோரும் மைலேஜைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அடுத்தபடியாக, ரப்பர் குழாய் உப்பிவிடுமா, டேங்க் துருப்பிடிக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு கோளாறு. சிலிண்டருக்குள், பிளக்கின் நுனியில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் அது நடக்கிறது. பொறி பறக்கிறது, கலவை பற்றுவதில்லை.

திண்டுக்கல்லில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இருசக்கர வாகனப் பாடம் நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்கள் நத்தம் சாலையிலும் ஒட்டன்சத்திரத்திலும் பட்டறை போட்டிருக்கிறார்கள். கொஞ்ச காலமாக அவர்களிடமிருந்து ஒரே மாதிரியான போன் வருகிறது. “சார், பிளக் புதுசு, காயில் புதுசு. கழற்றி வெளிய வச்சுப் பாத்தா பொறி நல்லா நீலமா வருது. ஆனா வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, ஐடிலிங் நிக்க மாட்டேங்குது. என்ன சார் பண்ண?”

பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடம்பை இன்ஜின் ஹெட்டில் தொட வைத்துக் கிக்கரை மிதித்துப் பார்ப்பது எந்தப் பட்டறையிலும் முதல் சோதனை. அது காயிலில் கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். வெளிக்காற்றில் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கதை வேறு. பிஸ்டன் மேலேறி வாயுவை நெருக்கியிருக்கிறது. மூலக்கூறுகள் அடர்ந்து நிற்கின்றன. எலக்ட்ரான் ஓடி வேகம் பிடிப்பதற்குள் எதிலாவது மோதிவிடுகிறது. பொறி தாவத் தேவையான மின்னழுத்தம் வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் சேர்த்துப் பெருக்கிய அளவைப் பொறுத்தது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-லேயே காட்டினார். அதனால் உள்ளே அதே இடைவெளியைத் தாண்ட வெளியே வேண்டியதைப் போலப் பல மடங்கு வோல்ட் வேண்டும். பிளக் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் கரண்ட் அந்த வழியாகக் கசிந்துவிடும். வெளியே நீலமாகப் பறந்த பொறி உள்ளே பறக்கிறதா என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

சரி, உள்ளேயும் பறக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடிந்துவிடவில்லை. முதல் சில நானோ விநாடிகளில் மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய இழை போன்ற ஒரு பாதை திறக்கிறது. அதன் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு. அது விரிந்து, குளிர்ந்து, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நெருப்புக் கருவாகிறது. அந்தக் கரு பிழைக்குமா என்பதுதான் கேள்வி. சுற்றிலும் இருப்பது குளிர்ந்த கலவை. இரு பக்கமும் இருப்பது உலோக மின்முனைகள். இரண்டும் அதன் சூட்டை உறிஞ்சுகின்றன. கரு சிறியதாக இருக்கும்போது, அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். ஆகவே இழப்பும் அதிகம். எரிவதால் பிறக்கும் சூடு இழக்கும் சூட்டை மிஞ்சும் அளவுக்கு அது வளர்ந்தாக வேண்டும். ஈர விறகு அடுப்பில் ஒரு சுள்ளி பற்றிக்கொண்டால் மட்டும் போதுமா? அந்தச் சுள்ளி அணைவதற்குள் அதன் சூடு பக்கத்துச் சுள்ளியைப் பிடிக்க வேண்டும். அதே கணக்குதான்.

இதைத் துல்லியமாக அளந்தவர்கள் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் பிட்ஸ்பர்க் ஆய்வகத்தில் வேலை செய்த பெர்னார்ட் லூயிஸ், குந்தர் ஃபான் எல்பே குழுவினர். 1940-களில் அவர்கள் செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மின்முனைகளில் கண்ணாடித் தட்டுகளைப் பொருத்தி, இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், எவ்வளவு ஆற்றல் கொடுத்தால் கலவை பற்றுகிறது என்று பார்த்தார்கள். எரிபொருளும் காற்றும் சரியான அளவில் சேர்ந்திருந்தால், அசைவற்ற கலவைக்குக் கால் மில்லிஜூல் போதும். அது ஒரு கிராம் எடையை இரண்டரை சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல்; அவ்வளவுதான். ஆனால் காற்று கூடிக்கொண்டே போனால் தேவைப்படும் ஆற்றல் செங்குத்தாக ஏறுகிறது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே போனால், பொறி பறந்தும் கலவை பற்றாது. மின்முனைப் பக்கச் சுவர்களே கருவை அணைத்துவிடும்.

இந்த இரண்டாவது உண்மையை நான் ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நம் பட்டறைகளில் பொறி பலவீனமாகத் தெரிந்தால் பிளக் நுனியை இரும்பில் தட்டி இடைவெளியைக் குறைக்கும் வழக்கம் இருக்கிறது. குறைத்தால் பொறி சுலபமாகத் தாவும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். பெட்ரோல் தாராளமாக உள்ள கலவையில் வண்டி ஓடவும் செய்யும். காற்று மிகுந்த கலவையில், மெக்கானிக் பாஷையில் லீன் கலவையில், அதுவே கேடாக முடியும். அங்கே கரு வளர அதிக இடம் வேண்டும். நாமோ இருந்த இடத்தையும் சுருக்கிவிடுகிறோம்.

லீன் கலவை ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அதற்கு மேல் உள்ளே போகும் காற்று எரிவதற்கு உதவாது. பிறக்கும் சூட்டில் பங்கு கேட்டு நிற்கும். சுடரின் வெப்பநிலை இறங்குகிறது. வெப்பநிலை கொஞ்சம் இறங்கினாலே வேதிவினையின் வேகம் மிக அதிகமாக இறங்கிவிடும். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஆவியின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகப் பரவுபவை. கருவிலிருந்து சூடு வெளியே ஓடும் வேகத்துக்கு எரிபொருள் உள்ளே வந்து சேருவதில்லை. ஹைட்ரஜன் இதற்கு நேர்மாறு. மூலக்கூறு மிக இலேசானது, விரைந்து பரவும். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பற்றக்கூடியது. சரியான கலவையில் அதற்கு வேண்டிய ஆற்றல் பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் ஓட்டுவது ஹைட்ரஜன் வண்டி அல்ல.

இன்ஜினுக்குள் நேரமும் கிடையாது. 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கலவை விநாடிக்கு 25 முறை பற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று மில்லிவிநாடி அளவில் எரிந்து முடிய வேண்டும். கரு வளரத் தாமதித்தால் பிஸ்டன் கீழே இறங்கிய பிறகுதான் அழுத்தம் வரும். இழுவை குறையும், சைலன்சர் சூடேறும். கரு செத்தால் அந்தச் சுற்றின் பெட்ரோல் எரியாமலே வெளியே போகும், சில சமயம் சைலன்சருக்குள் படாரென்று வெடிக்கும். ஐடிலிங்கில் நிலைமை இன்னும் மோசம். திராட்டில் மூடியிருக்கும்போது முந்தைய சுற்றின் எரிந்த வாயு சிலிண்டரில் கணிசமாகத் தங்கிவிடுகிறது. அது கலவையை மேலும் நீர்த்துப்போகச் செய்கிறது. சிக்னலில் நிற்கும்போது வண்டி அணைந்துபோவதன் பின்னணி இதுதான்.

இப்போது எத்தனாலுக்கு வருகிறேன். எத்தனால் மூலக்கூறின் எடையில் ஏறக்குறைய 35 சதவீதம் ஆக்சிஜன். அதனால் ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்குச் சுமார் 13.5 கிராம் காற்று என்று வரும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு என்று துளைபோட்ட ஜெட் உள்ள கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. அது பழைய அளவிலேயே காற்றையும் எரிபொருளையும் கலக்கும். விளைவு, கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகிறது. யாரும் ஸ்க்ரூவைத் தொடவில்லை, பங்க்கில் டேங்கை நிரப்பியது மட்டும்தான்.

8 சதவீதம் தனியாகப் பெரிய விஷயமில்லை. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் 20-க்கு 1 என்ற கலவையைக்கூட எரிக்கும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய 100 சிசி வண்டி 14.7-இலிருந்து தொடங்குவதில்லை. மைலேஜுக்காகவே அதை லீனாக டியூன் செய்து வைத்திருப்போம். வாடிக்கையாளர் கேட்டார் என்று ஊசியை இன்னும் ஒரு காடி இறக்கியிருப்போம். கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துக் கள்ளக்காற்று இழுக்கும். பிளக் முனை தேய்ந்திருக்கும். இருந்த இடம் எல்லாம் இப்படிக் கரைந்துபோன பிறகு அந்த 8 சதவீதம் வந்து சேர்கிறது.

சிறுமலையிலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் ஒருவர் என் மாணவனின் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “தம்பி, மேல போனா வண்டி நல்லா ஓடுது. கீழ எறங்கி வந்தா வெட்டி வெட்டி இழுக்குது. பேய் கீய் புடிச்சிருக்கா?” “அண்ணே, மேல காத்து கம்மிண்ணே, அதான்” என்றான் அவன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. கார்ப்பரேட்டரின் கலவை அங்கே சில சதவீதம் பெட்ரோல் பக்கம் சாயும். கீழே லீனாகித் திணறும் வண்டி மேலே தெளிவது அதனால்தான். பொறியையும் காயிலையும் குறை சொல்லிப் பணம் வாங்கியிருக்கலாம். அவன் ரப்பரை மாற்றினான், ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே போட்டு ஊசியை உயர்த்தினான், பிளக் இடைவெளியைக் கேஜ் வைத்துச் சரிசெய்தான். அவ்வளவில் முடிந்தது.

எத்தனாலை நான் எதிர்ப்பவன் அல்ல. அதன் ஆக்டேன் அதிகம். சுடரும் பெட்ரோலைவிடக் கொஞ்சம் விரைந்து ஓடும். அதற்கென்று வடிவமைத்த இன்ஜினில் அது நல்ல எரிபொருள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ளவை. அவற்றின் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. பொறியும் பழைய தலைமுறைப் பொறி. அந்த வண்டிகளில் பெரும்பாலும் சிடிஐ தான். கெப்பாசிட்டரில் தேக்கிய மின்சாரத்தை ஒரே அடியில் கொட்டுவது அதன் முறை. பொறி பலமாக வரும், ஆனால் ஒரு மில்லிவிநாடியில் ஒரு சிறு பங்கு நேரமே நிற்கும். லீன் கலவை பிளக் முனையில் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. கொஞ்சம் செறிவான பகுதி நகர்ந்து வரும்வரை பொறி காத்திருக்க வேண்டும். நெடுநேரப் பொறி அதைச் செய்யும், குறும்பொறி செய்யாது.

லீன் கலவையை எரிக்கும் வித்தை உலகத்துக்குப் புதிதல்ல. 1970-களில் ஹோண்டாவின் சிவிசிசி இன்ஜின் பிளக்கைச் சுற்றி ஒரு சின்ன அறை வைத்தது. அதில் மட்டும் பெட்ரோல் செறிந்த கலவை. பொறி அதைப் பற்றவைக்கும், அங்கிருந்து பாயும் சுடர் பெரிய அறையில் உள்ள லீன் கலவையைப் பற்றவைக்கும். அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளை வினையூக்கி மாற்றி இல்லாமலே அது தாண்டியது.

நம் நாட்டிலும், நம் ஊர் நீதிமன்றத்திலேயே, இதே விஷயம் பெரிய வழக்காகியிருக்கிறது. சின்ன விட்டமுள்ள சிலிண்டரில் லீன் கலவையை இரண்டு பிளக் வைத்து எரிக்கும் முறைக்கு பஜாஜ் நிறுவனம் 2002-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 2003-ல் பல்சரில் அதைக் கொண்டுவந்தது. சிலிண்டர் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் என்று உரிமைக்கோரலிலேயே வரையறை இருந்தது. இரண்டு இடங்களில் கரு பிறந்தால் ஒன்று தடுமாறினாலும் இன்னொன்று பிழைக்கும். சுடர் ஓட வேண்டிய தூரமும் பாதியாகும். 2007-ல் ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் இரண்டு பிளக்குடன் 125 சிசி ‘ஃபிளேம்’ வண்டியை அறிவித்ததும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை விரைந்து முடிக்க வேண்டும் என்றது. ஆனாலும் விவகாரம் இழுத்துக்கொண்டே போய், 2019-ல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. யார் பக்கம் நியாயம் என்பது என் வேலை அல்ல. லீன் கலவைக்கு ஒற்றைப் பொறி போதாமல் போகலாம் என்பது இந்தியப் பொறியாளர்களுக்கு இருபது வருடத்துக்கு முன்பே தெரியும், அதற்காக நீதிமன்றப் படியேறும் அளவுக்கு அதன் மதிப்பும் தெரியும் என்பதுதான் நான் பிடித்துக்கொள்வது. அந்த அறிவு பட்டறைக்கு வந்து சேரவில்லை.

2022 ஜூனில் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னே இழுத்து 2025-லேயே முடித்துவிட்டார்கள். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கை, பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று சொன்னது. சராசரிக்கு அது சரியாக இருக்கலாம். பட்டறைக்கு வருவது சராசரி வண்டி அல்ல. ரப்பர் வெடித்து, பிளக் தேய்ந்து, அதிகாலையில் பால் கேனோடு கிளம்ப வேண்டிய வண்டி. எத்தனால் ஆவியாக அதிகச் சூட்டை எடுத்துக்கொள்வதால் அந்த அதிகாலைக் குளிரில் அதற்கு இன்னும் கஷ்டம்.

கலப்பில்லாத பெட்ரோலையும் விற்கக் கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, எரிபொருள் மாறப்போவதில்லை. வண்டியை மாற்றிக்கொள்ளவும் இவர்களிடம் பணம் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரே வழி: பழைய வண்டியைப் புதிய பெட்ரோலுக்குப் பொருத்துவது. அது நடக்கக்கூடியதுதான். கலவை 8 சதவீதம் லீன் ஆனால், ஜெட் துளையின் விட்டத்தை 4 சதவீதம் கூட்டினால் ஈடாகிவிடும். 0.9 மில்லிமீட்டர் துளையில் அது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அதனால்தான் அதைக் கம்பி விட்டு நோண்டிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தொழிற்சாலையில் அளந்து துளைத்த ஜெட் வேண்டும். ஒவ்வொரு பழைய மாடலுக்கும் எந்த எண் ஜெட், ஊசியில் எந்தக் காடி, பிளக் இடைவெளி எவ்வளவு, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று என்பதை அதைத் தயாரித்த நிறுவனம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, ஷோரூமுக்கு மட்டுமல்ல, தெருமுனைப் பட்டறைக்கும் கொடுக்க வேண்டும். கலப்பை ஆணையிட்ட அரசுக்கு இதையும் ஆணையிட அதிகாரம் உண்டு.

இன்னொன்றுக்குப் புதிதாகச் செலவே இல்லை. மாசுச் சான்றிதழ் எடுக்கும் நிலையத்தில் சைலன்சருக்குள் குழாயை விட்டு இரண்டு எண்களை அளக்கிறார்கள்: கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் எவ்வளவு. வரம்புக்குள் இருந்தால் பாஸ், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைந்து, ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறி நின்றால், அந்த இன்ஜினில் லீன் கலவை பற்றாமல் நழுவுகிறது என்று சந்தேகிக்க அதுவே போதும். பொறியை வெளியே வைத்துப் பார்ப்பதைவிட நூறு மடங்கு நம்பகமான சோதனை அது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, எண்ணும் சீட்டில் அச்சாகிவிட்டது. இந்த இரண்டு எண்களும் அப்படி வந்தால் “கலவை லீன், ரப்பர், ஜெட், பிளக் பார்க்கவும்” என்று சீட்டின் அடியில் ஒரு வரி அச்சிடும்படி போக்குவரத்துத் துறை எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.